நம்ம ஊராட்சிக்கு வந்த பணத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம்: இ-கிராம்ஸ்வராஜ், ஒரு முன்னாள் துணைத் தலைவரின் அனுபவம்

எங்கள் ஊருக்கு வரவேண்டிய 4,25,000 ரூபாய் வேறொரு ஊருக்குப் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்தது அதிகாரிகள் இல்லை, தணிக்கைக்காரர்கள் இல்லை. இ-கிராம்ஸ்வராஜ் செயலியை வைத்துக்கொண்டு நானும் என் மகளும்தான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்தோம். அதனால் இந்தச் செயலியைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி 5 வரை கிராம ஊராட்சித் துணைத் தலைவராக இருந்தேன். எங்கள் ஊராட்சியில், மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் நிதிக்குழு மானியத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டுமென்றாலும் தலைவர் ஒரு டிஜிட்டல் கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கான, பென் டிரைவ் மாதிரி இருக்கும் சாவியை ஐந்து வருடமும் என் வீட்டுப் பீரோவில்தான் வைத்திருந்தேன். செயலரிடமும் கொடுக்கவில்லை, வீட்டுக்காரரிடமும் கொடுக்கவில்லை.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இணையதளமும் செயலியும் இது. ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல் அதே தேதியில் என்பதால் அன்றைக்குத்தான் பஞ்சாயத்து ராஜ் தினம். அதற்கு முன்னால் திட்டத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று தனித்தனி மென்பொருள்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊராட்சி இந்த வருடம் என்ன வேலை செய்யப் போகிறது, எவ்வளவு பணம் வந்தது, யாருக்குக் கொடுத்தது, எல்லாம் இதில் ஏற வேண்டும். பார்ப்பதற்குக் கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். என்னைப் பொறுத்தவரை இதன் மிகப் பெரிய நல்ல விஷயம் அதுதான். முன்பெல்லாம் ஊராட்சிக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, பத்து ரூபாய்க்கு வில்லை ஒட்டி, ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இப்போது பேருந்து வருவதற்குள் நிறுத்தத்தில் நின்றபடி பார்த்துவிடலாம்.

செயலியைத் திறந்தால் மாநிலம், மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அப்புறம் நிதியாண்டு. அதன்பின் மூன்று பகுதிகள் வரும். மக்கள் பிரதிநிதிகள் விவரம், ஒப்புதல் பெற்ற பணிகள், நிதி நிலவரம். பெரும்பாலானவர்கள் முதல் பகுதியைப் பார்த்து, தலைவர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். போக வேண்டியது மூன்றாவது பகுதிக்கு. அதில் திட்டவாரியாக வரவும் செலவும் இருக்கும். இன்னும் உள்ளே போக வேண்டுமென்றால் இணையதளத்தில் அறிக்கைகள் பகுதிக்குப் போகலாம். அங்கே ஒவ்வொரு வவுச்சருக்கும் ஒரு எண். எக்ஸ்.வி.எஃப்.சி என்று தொடங்கினால் 15-வது நிதிக்குழு. அடுத்து நிதியாண்டு, அதற்கடுத்து ஒற்றை எழுத்து. ஆர் என்றால் வரவு, பி என்றால் செலவு. இந்த ஒற்றை எழுத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு புரிந்துவிடும். செயலரைக் கேட்டேன், அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். ஊரில் யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லையாம்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது 2,36,805 கோடி ரூபாய். அந்த ஐந்து வருடத்துக்கும் இந்த மானியம் இரண்டு துண்டாக வந்தது. 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் செலவு செய்ய வேண்டிய நிதி. அலுவலகத்தில் இதை ‘டைடு’ என்பார்கள். மீதி 40 சதவீதம் ‘அன்டைடு’. சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது, மற்றபடி ஊருக்குத் தேவையானதைச் செய்யலாம். இந்த 60-க்கு 40 கணக்குதான் எங்களைக் காப்பாற்றியது.

எங்கள் ஊர் காவிரிப் படுகையில் கடைமடை. போர் போட்டால் நூறு அடியில் உப்பு கரிக்கும். குடிக்கிற தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில்தான் வருகிறது. அது 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி, அங்கிருந்து தெருக்களுக்குப் போகும். தொட்டியிலிருந்து மேலத்தெருவுக்குப் போன குழாய் 410 மீட்டர், பழைய சிமென்ட் குழாய், மூன்று இடத்தில் உடைந்திருந்தது. கசிவை அடைக்க அடைக்க அடுத்த இடத்தில் ஊற்று மாதிரிக் கிளம்பும். மேலத்தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்து அடிபம்பு வரைக்கும் குடத்தோடு நடந்தார்கள். 2022 மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஓவர்சியர் வந்து அளந்தார். எஸ்டிமேட் 3,90,000 ரூபாய். ஆண்டுத் திட்டத்தில் ஏற்றியாகிவிட்டது. டைடு நிதி வந்ததும் வேலை தொடங்குவதாக மேலத்தெருவில் வாக்குக் கொடுத்தேன். கொடுத்தவள் நான்தான், வீடு வீடாகப் போய்.

ஆகஸ்டில் 2,83,000 ரூபாய் வந்தது. அது அன்டைடு. டைடு வரவில்லை. கேட்டால் ‘வரும்’ என்றார்கள். செப்டம்பர் முடிந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் மேலத்தெருக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முதல் நாள் ராத்திரி செயலியைத் திறந்தேன். மகள் பக்கத்தில் கால்குலேட்டரோடு. 40 சதவீதம் 2,83,000 என்றால் 60 சதவீதம் ஏறக்குறைய 4,25,000 இருக்க வேண்டும். வரவுப் பக்கத்தில் அந்தத் தொகை இல்லவே இல்லை. ஒருவேளை யாருக்குமே வரவில்லையோ என்று பக்கத்து ஊராட்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். எல்லோருக்கும் இரண்டு வரவு. எங்களுக்கு மட்டும் ஒன்று.

அப்போது மகள் கேட்டாள். “அம்மா, நம்ம ஊர்ப் பேர்ல இன்னொரு ஊர் இருக்கே, அங்க போட்டுட்டாங்களோ?” எங்கள் மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரிலேயே மூன்று ஊராட்சிகள் உண்டு. தமிழ்நாட்டில் இது சாதாரணம். புதூர் எத்தனை, நல்லூர் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தபால்காரரே குழம்புவார். முதல் ஊரைத் திறந்தோம், சரியாக இருந்தது. அடுத்த ஒன்றியத்தில் இருக்கும் இரண்டாவது ஊரைத் திறந்தோம். ஒரே தேதியில் இரண்டு டைடு வரவு. ஒன்று 5,12,000. அதன் கீழே 4,25,000. அந்த இரண்டாவது வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வவுச்சர் எண், தேதி, தொகை எல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் மேலத்தெருக் குழாய் அந்த ஒரு வரியில் இருந்தது.

எப்படி நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் நாடு முழுவதற்குமான குறியீட்டு எண் ஒன்று உண்டு. கணினி பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. பணம் பிரிக்கும் பட்டியலைத் தயாரித்த அலுவலகத்தில் எங்கள் பெயருக்கு நேராக அந்த ஊரின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். பட்டியலின் நகலைப் பின்னால் என் கையாலேயே வாங்கிப் பார்த்தேன். ஒரே எண் இரண்டு இடத்தில். பெயரும் ஒன்றாக இருந்ததால் சரிபார்த்தவர் கண்ணுக்கும் படவில்லை. இதில் யாரும் ஒரு ரூபாய் திருடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் உடனே ‘துணைத் தலைவர் சாப்பிட்டுவிட்டார்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கிராம சபையில் கைப்பேசியையே எல்லோருக்கும் காட்டினேன். பேச்சு அடங்கியது. அந்த ஒன்றுக்காகவே இந்தச் செயலிக்கு நான் நன்றி சொல்வேன்.

தவறு ஒரு நொடியில் நடந்தது. அதைச் சரிசெய்ய 14 மாதம் ஆனது. ஒன்றிய அலுவலகத்தில் கடிதம் கொடுத்தோம். மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கே விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. நானும் செயலரும் பேருந்து பிடித்து அந்த இன்னொரு ஊருக்கே போனோம். அங்கே தலைவர் ஒரு அக்கா, ரொம்ப நேர்மையானவர். கூடுதலாக ஏதோ வந்திருக்கிறது, ஊருக்கு நல்லது என்று நினைத்து 1,60,000 ரூபாய்க்கு உறிஞ்சுகுழிகள் போட்டிருக்கிறார். தீர்மானம், வேலையை அளந்து எழுதும் எம் புக், பில், எல்லாம் முறையாக இருந்தது. “மீதியை இன்னிக்கே அனுப்பிடறேன் தங்கச்சி” என்றார். ஆனால் அனுப்ப வழி கிடையாது. அந்தக் கணக்கிலிருந்து வேலை செய்த ஒப்பந்ததாரருக்கும் பொருள் கொடுத்தவருக்கும்தான் பணம் போகும். ஒரு ஊராட்சியிலிருந்து இன்னொரு ஊராட்சிக்குக் கொடுக்க அவருக்குக் காட்டப்பட்ட திரையில் இடமே இல்லை. அவருடைய அடுத்த தவணையில் பிடித்து எங்கள் தவணையில் சேர்க்க வேண்டும், அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு நடுவில் நடந்ததுதான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாதது. ஆய்வுக் கூட்டத்தில் ‘டைடு நிதியைச் செலவு செய்யாத ஊராட்சிகள்’ என்ற பட்டியலில் எங்கள் ஊர் பெயர். செயலரை எழுந்து நிற்கச் சொல்லி, ஏன் செலவு செய்யவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பணமே வரவில்லை என்றால், ‘விடுவித்துவிட்டோமே’ என்று பட்டியலைக் காட்டுகிறார்கள். அதே தவறான பட்டியல். கொஞ்ச நாள் கழித்து 4,25,000 ரூபாய்க்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது. வராத பணத்தை எப்படிச் செலவு செய்தோம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். ‘போட்டுக் கொடுத்துடுங்கம்மா, ஃபைல் முடிஞ்சுடும்’ என்று ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் போடவில்லை. போட்டிருந்தால் அந்தப் பணம் எங்களுக்கு வந்து, செலவாகி, தீர்ந்துபோனது என்று ஆகியிருக்கும். மேலத்தெருவுக்குக் குழாய் என்றைக்குமே வந்திருக்காது. துணைத் தலைவர், ஊராட்சிச் செயலர் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள். செயலியில் வரவு வரி இல்லாத பணத்துக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

விதியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மத்திய அரசு கொடுத்த மானியத்தை மாநிலம் பத்து வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்கு அனுப்ப வேண்டும், தாமதமானால் வட்டியோடு கொடுக்க வேண்டும். நிதிக்குழு வைத்த நிபந்தனை இது. ஆனால் எங்கள் விஷயத்தில் ஏட்டின்படி தாமதமே இல்லை. பணம் நேரத்துக்குக் கிளம்பியது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த ஊர்தான் வேறு. 14 மாதத்துக்கு எங்களுக்கு வட்டி வரவில்லை. எஸ்டிமேட் மட்டும் 3,90,000-இலிருந்து 4,20,000 ஆனது, குழாய் விலை ஏறிவிட்டதால். 2023 டிசம்பரில் பணம் வந்தது. 2024 பிப்ரவரியில் மேலத்தெருவில் தண்ணீர் வந்தது. அதற்குள் இரண்டு கோடை போயிருந்தது. முதல் நாள் தண்ணீர் திறந்தபோது ஒரு பாட்டி குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, நிறைந்து வழிகிற வரைக்கும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

சரி, செயலிக்கு வருகிறேன். இதில் தெரிவது உள்ளே யாரோ தட்டச்சு செய்தது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. ‘குடிநீர்ப் பணி, முடிந்தது’ என்று இருந்தால் யாரோ அப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். போய்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டியது நாம்தான். பணிகளின் பெயரிலும் தெளிவு தேவை. எங்கள் ஊராட்சியிலேயே முதல் இரண்டு வருடம் தெருப் பெயர் போடாமல் பொதுவாகப் பதிந்துவிட்டார்கள். படிப்பவருக்கு எந்தத் தெரு என்று தெரியாது. மூன்றாம் வருடத்திலிருந்து தெருப் பெயரைப் போட்டால்தான் கையெழுத்து என்று நான் சொல்லிவிட்டேன். அப்புறம் எல்லாப் பணமும் இதில் இருக்காது. நூறு நாள் வேலைக்கு அதற்கென்று தனி இணையதளம். வீட்டு வரி கட்ட மாநில அரசின் தனித் தளம். மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுகிற கணக்கும் எங்கள் ஊராட்சியில் தனி. இதில் பார்த்துவிட்டு ‘ஊராட்சிக்கு இவ்வளவுதான் வருமானம்’ என்று முடிவு கட்டக் கூடாது.

பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் ‘மேரி பஞ்சாயத்’ செயலியும் இருக்கிறது. இதே விவரங்களோடு, ஊரில் உள்ள குறையைப் படம் எடுத்துப் பதிவு செய்யலாம், ஊராட்சி அளவில் வானிலையும் பார்க்கலாம். விவசாயம் செய்பவர்களுக்கு அது பிடிக்கும். கணக்குப் பார்க்க எனக்குப் பழகியது இ-கிராம்ஸ்வராஜ்தான், இணையதளத்தைக் கணினியில் திறந்தால் இன்னும் வசதி. கைப்பேசியில் நீளமான பட்டியலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கண்ணுக்குச் சிரமம்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. ஊராட்சிப் பெயர் வருகிற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்திலேயே குறியீட்டு எண்ணையும் ஒன்றியத்தின் பெயரையும் காட்ட வேண்டும். பட்டியல் தயாரிப்பவர் திரையிலும் சரி, பொதுமக்கள் திரையிலும் சரி. ஒரே எண் ஒரே பட்டியலில் இரண்டு முறை வந்தால் கணினியே நிறுத்த வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுப் பதிவெண் விஷயத்தில் செய்கிறார்களே, அது ஊர்ப் பணத்துக்கு வேண்டாமா? இரண்டாவது, ஒவ்வொரு வரவு வரிக்கும் பக்கத்தில் ‘இது எங்களுடையது இல்லை’, ‘எங்களுக்கு வரவில்லை’ என்று ஊராட்சி அங்கேயே பதிய ஒரு வழி வேண்டும். பதிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும். எங்கள் கடிதம் எந்த மேசையில் இருந்தது என்று 14 மாதமும் யாருக்கும் தெரியாது. தவறு மட்டும் ஊருக்கே தெரிகிற மாதிரி செயலியில் இருந்தது.

இப்போது இதை இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டிய காலம். எங்கள் பதவிக்காலம் முடிந்த 2025 ஜனவரி 5-க்குப் பிறகு 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்குத்தான் என்பது நிபந்தனை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே தெரியும். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல், அறிவிப்பு விதிப்படி இல்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால் நின்றது. 2019 டிசம்பர் வரை நடக்கவில்லை. அந்தக் காலத்துக்கான மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. எங்கள் ஊருக்கு ஒரு எண் மாறியதால் ஒரு தவணை போனது. அப்போது மாநிலத்தின் அத்தனை கிராமங்களுக்கும் சேர்த்து ஒரு அறிவிப்பாணையில் போனது. நாங்கள் 2020-இல் பொறுப்புக்கு வந்தபோது எங்கள் ஊராட்சியில் தேங்கிக் கிடந்த வேலைகள் எல்லாம் அந்த மூன்று வருடத்தில் சேர்ந்தவைதான். மேலத்தெருக் குழாயில் முதல் உடைப்பு 2017-இல் என்று டேங்க் ஆபரேட்டரின் நோட்டில் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பணத்தைக் காட்டுவதற்கு நான்கும் தகும். தவறைத் திருத்த வழி வைத்தால் ஐந்தாவதையும் கொடுப்பேன்.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் ராத்திரி திறந்து, டைடு வந்திருக்கிறதா, அன்டைடு வந்திருக்கிறதா, இரண்டும் அந்த வருடத்துக்குரிய விகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயரில் மாவட்டத்தில் வேறு ஊராட்சி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்த அக்காவும் நானும் இப்போதும் செய்கிறோம். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பார்ப்பார், நான் அவர் ஊர்ப் பக்கத்தைப் பார்ப்பேன். ஒன்பது மணிக்கு மேல் போனில் தொகையைப் படித்துச் சொல்லிக்கொள்வோம்.